பூல் ஆட்டத்தில் கியூவைப் பிடிப்பதும் அடிப்பதும்: பின்கையைச் சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பூல் என்பது கோலால் வெள்ளைப் பந்தை அடித்து, அதைக் கொண்டு மற்றப் பந்துகளை மேசை ஓரக் குழிகளான பாக்கெட்டுகளில் விழவைக்கும் ஆட்டம். அதை ஆட ஆரம்பித்து ரொம்ப நாள் நானும் அந்தக் கதையில்தான் இருந்தேன். கியூவை, அதாவது அடிக்கும் கோலை மாற்றினேன், அதன் நுனியில் பந்தைத் தொடும் டிப்பை மாற்றினேன், மேசை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் ஒரு நாள் போனைப் பின்னால் நிறுத்தி வீடியோ எடுத்து, அதை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பந்தைத் தொடுவதற்குச் சற்று முன்னால் என் கட்டைவிரல் கியூவை இறுக்குகிறது, அந்த இறுக்கத்தில் மணிக்கட்டு உடம்பை நோக்கி மடிகிறது, பின்பக்கம் இடப்புறம் போனதால் டிப் வலப்புறம் ஓடுகிறது. ஒரு நெல்மணி அகலம் இருக்கும், அவ்வளவுதான்.

அவ்வளவுதானா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. பூல் பந்தின் விட்டம் 57.15 மில்லிமீட்டர். வெள்ளைப் பந்து போய்ச் சேரும் இடத்தில் 1 மில்லிமீட்டர் பக்கவாட்டில் விலகினால், அடிபட்ட பந்தின் பாதை ஏறத்தாழ 1 டிகிரி திரும்பும். அந்தப் பந்து 1 மீட்டர் தூரம் ஓடினால் 17 மில்லிமீட்டருக்கு மேல் விலகிவிடும். போட்டி மேசையில் மூலைப் பாக்கெட்டின் வாய் சுமார் 115 மில்லிமீட்டர், அதில் பந்துக்கு இரண்டு பக்கமும் மிஞ்சுவது ஏறத்தாழ 29 மில்லிமீட்டர்தான். ஆக 1 மில்லிமீட்டர் தவறு பாக்கெட்டுக்குள் போய்விடும், 2 மில்லிமீட்டர் தவறு வெளியே நிற்கும். குறி பார்ப்பதில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், கை ஒழுங்காக இல்லையென்றால் அது எதற்கும் உதவாது.

கீழே சொல்வதெல்லாம் வலக்கை ஆட்டக்காரரை வைத்து எழுதியது, இடக்கைக்காரர்கள் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். பின்கை என்று நான் சொல்வது கியூவின் தடித்த பக்கத்தைப் பிடிக்கும் கையை. மேசைமேல் ஊன்றி கியூவுக்குத் தாங்கலாக இருக்கும் கை, பிரிட்ஜ் கை.

படி 1: முதலில் குறை எங்கே என்று பாருங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன்னால் இந்தச் சோதனை. வெள்ளைப் பந்தை மேசையின் ஒரு முனைப் பக்கம், அகலத்துக்குச் சரி நடுவில் வையுங்கள். நட்டநடுவில் அடித்து, நேரே எதிர்க் குஷனுக்கு (மேசையின் ரப்பர் ஓரத்துக்கு) அனுப்புங்கள். அடித்த பிறகு அசையாதீர்கள், கியூ போய் நின்ற இடத்திலேயே இருக்கட்டும். பந்து போய் முட்டித் திரும்பி வந்து உங்கள் டிப்பிலேயே இடிக்க வேண்டும்.

இடிக்காது. முதல் பத்து தடவை பெரும்பாலும் யாருக்கும் இடிக்காது, கவலைப்படாதீர்கள். எப்படி விலகுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். போகும்போதே கோணலாகப் போனால் கியூ போன திசையே தப்பு. நேராகப் போய், குஷனில் பட்டபிறகு வலப்புறம் திரும்பினால், நீங்கள் பந்தின் நடுவுக்கு வலப்பக்கம் அடித்திருக்கிறீர்கள், பந்து உங்களுக்குத் தெரியாமலே சுழற்சி வாங்கியிருக்கிறது. இடப்புறம் திரும்பினால் இடப்பக்க அடி. பத்து முறை அடித்து எத்தனை முறை எந்தப் பக்கம் என்று எழுதி வையுங்கள். எல்லாம் ஒரே பக்கம் விலகினால் நல்லது, ஒரே ஒரு குறைதான் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு பக்கமும் மாறி மாறிப் போனால் கை ஒவ்வொரு தடவையும் வேறு வேறு வேலை செய்கிறது, கொஞ்சம் கூடுதல் பொறுமை வேண்டியிருக்கும்.

அதே நேரத்தில் இரண்டு வீடியோ எடுங்கள். ஒன்று நேர் பின்னாலிருந்து, இன்னொன்று வலப்பக்கவாட்டிலிருந்து. இவற்றை அழித்துவிடாதீர்கள், பின்னால் வேலை இருக்கிறது.

படி 2: பின்கை கியூவில் எங்கே இருக்க வேண்டும்

வழக்கமான பூல் கியூ 57, 58 அங்குல நீளம், 18 முதல் 21 அவுன்ஸ் எடை, அதாவது அரைக் கிலோவை ஒட்டி. அதை ஒரு விரலின்மேல் கிடத்தி எந்த இடத்தில் சாயாமல் நிற்கிறது என்று பாருங்கள், பெரும்பாலும் பின்முனையிலிருந்து 18, 19 அங்குலத்தில் இருக்கும். பின்கை அந்த இடத்துக்கு இன்னும் கொஞ்சம் பின்னால். எவ்வளவு பின்னால் என்பதை அங்குலக் கணக்கில் மனப்பாடம் செய்யாதீர்கள், உங்கள் கையின் நீளம் வேறு, என் கையின் நீளம் வேறு.

சரியான இடம் கண்டுபிடிக்க ஒரே வழிதான். குனிந்து, டிப்பைப் பந்தை ஒட்டினாற்போல ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் நிறுத்துங்கள். இந்த நிலையில் பக்கவாட்டு வீடியோவில் உங்கள் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரையிலான பகுதி தூக்குக் குண்டு மாதிரி செங்குத்தாகத் தொங்க வேண்டும். கை அதைவிட முன்னால் இருந்தால், அடிக்கும் நேரத்தில் கை மேலே ஏறத் தொடங்கியிருக்கும், பிரிட்ஜ் கைக்கு அந்தப் பக்கம் டிப் தாழும், நினைத்ததைவிடக் கீழே அடிப்பீர்கள். ரொம்பப் பின்னால் இருந்தால் இதற்கு நேர்மாறு, டிப் எழும்பிக்கொண்டே பந்தைத் தொடும். நடுவில் அடித்தேன், ஆனால் பந்து தானாகப் பின்னால் வருகிறது என்று புலம்புகிறவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

உயரமானவர்கள் கியூவின் கடைசி முனைவரை கையைக் கொண்டுபோக வேண்டியிருக்கலாம். அதில் தப்பில்லை.

படி 3: விரல்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

நின்றபடியே வலக்கையைத் தொடைப்பக்கம் தளர்வாகத் தொங்கவிடுங்கள். எதையும் செய்யாதீர்கள். கையைக் குனிந்து பாருங்கள்: விரல்கள் தாமாகவே கொஞ்சம் உள்ளே வளைந்திருக்கும், கட்டைவிரல் தரையைப் பார்க்கும், உள்ளங்கை தொடையைப் பார்க்கும். அந்த வளைவுக்குள்தான் கியூ வந்து உட்கார வேண்டும். கியூவுக்காகக் கை தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளக் கூடாது.

இப்போது தண்ணீர் வாளியை எப்படித் தூக்குகிறீர்கள் என்று யோசியுங்கள். கைப்பிடியை விரல்களில் கொக்கி போல மாட்டித் தூக்குவோம், கட்டைவிரலுக்கு அதில் வேலையே இல்லை. கியூவும் அப்படித்தான். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தொட்டில் மாதிரி கீழிருந்து தாங்கட்டும். கட்டைவிரல் பக்கவாட்டில் சும்மா தொட்டுக்கொண்டு கீழ்நோக்கித் தொங்கட்டும். மோதிர விரலும் சுண்டுவிரலும் கியூமேல் இருந்தாலும் சரி, லேசாக விலகியிருந்தாலும் சரி. பிரிட்ஜ் கை கொஞ்சம் எடையை வாங்கிக்கொள்வதால் பின்கைக்கு வரும் பாரம் அரைக் கிலோகூட இருக்காது. அதைத் தாங்க முஷ்டி எதற்கு?

எவ்வளவு இறுக்கம் என்று கேட்பீர்கள். இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு இறுக்குவதைப் பத்து என்று வைத்தால் இரண்டு, மிஞ்சிப் போனால் மூன்று. வேறு யாராவது பின்னாலிருந்து கியூவை மெதுவாக இழுத்தால் அது உங்கள் விரல்களுக்குள் நழுவ வேண்டும். விரல் கணுக்கள் வெளுத்திருந்தால் இறுக்கம் அதிகம், இதைச் சொல்ல யாரும் வேண்டாம், நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது பலர் கவனிக்காத இடம். கியூ பின்னால் போகும்போது கை ஒரு வளைவில் மேலே ஏறுகிறது. அந்த நேரத்தில் நான்கு விரலும் கெட்டியாகப் பிடித்திருந்தால் கையோடு சேர்ந்து கியூவின் பின்பக்கமும் எழும்பும், இல்லையென்றால் மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளும். அதனால் பின்னால் இழுக்கும்போது சுண்டுவிரலும் மோதிர விரலும் கதவு திறப்பதுபோலத் திறக்க வேண்டும். முன்னால் வரும்போது அதே விரல்கள் தாமாக மூடும், பந்தை அடித்துக் கியூ போய் நிற்கும்போது உள்ளங்கை கியூவை மெல்லத் தொடும். திறப்பதும் மூடுவதும் நீங்கள் செய்யும் வேலையாக இருக்கக் கூடாது, கை தளர்வாக இருந்தால் அதுவே நடக்கும். நம்பிக்கை இல்லையென்றால் பந்தே வைக்காமல் கண்ணை மூடிக்கொண்டு இருபது தடவை ஆட்டிப் பாருங்கள், விரல்களில் கியூ உருளுவது தெரியும்.

கை வியர்த்தால் மனிதன் இறுக்கிப் பிடிக்கத்தான் செய்வான். அதனால் பக்கத்தில் ஒரு துண்டு வைத்துக்கொள்ளுங்கள். லினன் நூல் சுற்றிய கியூ வியர்வையை ஓரளவு உறிஞ்சும், வழுவழுப்பான மரப்பிடி உறிஞ்சாது. கடைகளில் விற்கும் மூன்று விரல் கையுறை பிரிட்ஜ் கைக்கானது, அதற்கும் இந்தப் பிரச்சினைக்கும் சம்பந்தமில்லை.

படி 4: மணிக்கட்டு, முழங்கை, தோள்

இப்போது பின்னாலிருந்து எடுத்த வீடியோ. தோள், முழங்கை, மணிக்கட்டு, கியூ நான்கும் ஒரே செங்குத்துக் கோட்டில் தெரிந்தால் நல்லது. முழங்கை கோழி இறக்கை மாதிரி வெளியே துருத்திக்கொண்டிருந்தால், கை நேராக ஆடுவதற்குப் பதிலாக உடம்பைச் சுற்றி ஆடும். நிறைய பேர் முழங்கையைப் பிடித்து உள்ளே தள்ளி இதைச் சரிசெய்யப் பார்க்கிறார்கள், அது நிற்காது, ஏனென்றால் காரணம் முழங்கையில் இல்லை, காலில் இருக்கிறது. இடுப்பு வழியை மறைக்கிறது, கை வேறு வழியில்லாமல் வெளியே ஒதுங்குகிறது. நிமிர்ந்து நின்று, அடிக்க வேண்டிய கோட்டின்மேல் வலது காலை வையுங்கள், பாதம் கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கட்டும், இடது கால் தோள் அகலத்துக்கு இடப்பக்கமும் சற்று முன்னாலும். அப்புறம் குனியுங்கள். கைக்கு இடம் கிடைத்துவிட்டால் முழங்கை தானாக உள்ளே வரும்.

மணிக்கட்டு உள்ளேயும் மடியாமல் வெளியேயும் மடியாமல் தொங்கினால் போதும். அதை வேண்டுமென்றே சொடுக்குவது தேர்ந்தவர்கள் விஷயம், இப்போது வேண்டாம்.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் கேட்டே தீருவார்: அமெரிக்க பூல் ஆட்டக்காரர் கீத் மெக்ரெடி கையைப் பக்கவாட்டில் வீசித்தானே அடித்தார்? அடித்தார். பிலிப்பைன்ஸின் எஃப்ரென் ரேயஸ் கியூவின் கடைசிப் பகுதியைப் பிடித்துக்கொண்டு, டிப் அங்கும் இங்கும் அலைவது போல நீளமாக ஆட்டி, 1999இல் நைன்பால் எனும் ஒன்பது பந்து பூல் ஆட்டத்தில் உலகப் பட்டம் வென்றார். ஸ்னூக்கரிலிருந்து 1995இல் அமெரிக்க பூலுக்கு வந்த அலிசன் ஃபிஷரோ அளந்து வைத்தாற்போல நேராக அடிப்பார். மூன்று பேருக்கும் பொதுவானது தோரணை இல்லை, டிப் பந்தைத் தொடும் அந்தக் கணத்தில் அது நினைத்த இடத்தில், நினைத்த திசையில் இருப்பதுதான். வளைத்து வளைத்து அங்கே போய்ச் சேர இளம் வயதிலிருந்து தினமும் பல மணி நேரம் ஆடியிருக்க வேண்டும். நமக்கு நேர் வழிதான் சுலபம்.

படி 5: பிரிட்ஜ் கை, சுருக்கமாக

உள்ளங்கையின் அடிப்பகுதியும் விரல் நுனிகளும் மேசைத் துணியில் அழுந்தி இருக்கட்டும். பந்துக்கும் பிரிட்ஜுக்கும் இடையே 20 முதல் 25 சென்டிமீட்டர், புதியவர்கள் 15இலிருந்து ஆரம்பிக்கலாம். இடைவெளி கூடக்கூடப் பின்கையின் தவறு பெரிதாகத் தெரியும். கியூவைக் கைமேல் வெறுமனே வைக்கும் திறந்த பிரிட்ஜா, விரல் சுற்றிய மூடிய பிரிட்ஜா என்ற சண்டையில் நான் இறங்கப் போவதில்லை. எது ஆடாமல் நிற்கிறதோ அது.

படி 6: ஸ்ட்ரோக், அதாவது கியூவை ஆட்டி அடிப்பது

முழங்கை ஆணி, முன்னங்கை அதில் தொங்கும் ஊசல். பந்தைத் தொடும்வரை ஆணி அசையக் கூடாது. தொட்ட பிறகு முழங்கை இறங்கினால் இறங்கிவிட்டுப் போகட்டும், பந்து அப்போது போய்விட்டது.

வரிசை இப்படி: குனிந்த பிறகு இரண்டு முதல் நான்கு தடவை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். இது வெறும் பழக்கத்துக்குச் செய்வது இல்லை, ஒவ்வொரு தடவையும் டிப் அடிக்க வேண்டிய புள்ளிக்கு நேராக வருகிறதா என்று பார்ப்பதற்கு. கடைசித் தடவை ஆட்டும்போது டிப்பைப் பந்துக்கு மிக அருகில் நிறுத்துங்கள், முழுசாக ஒரு நொடி. இங்கே சந்தேகம் வந்தால் எழுந்துவிடுங்கள், குனிந்தபடியே திருத்தாதீர்கள். பிறகு கியூவை மெதுவாகப் பின்னால் இழுங்கள், அவசரமாகப் பறித்தால் அங்கேயே கோணிவிடும். பின்னால் போய் முடிகிற இடத்தில் ஒரு சின்ன நிதானம். அந்த நிதானத்தில் பார்வை வெள்ளைப் பந்தை விட்டு அடிபட வேண்டிய பந்துக்குப் போய் அங்கேயே நிற்கட்டும். அப்புறம் முன்னால்.

முன்னால் வரும்போது வேகம் படிப்படியாகக் கூட வேண்டும். ஊஞ்சலைத் தள்ளிவிட்டால் எப்படி முதலில் மெதுவாகக் கிளம்பி நடுவில் வேகமெடுக்கிறதோ அப்படி. ஆரம்பத்திலேயே வெடுக்கென்று தள்ளினால் விரல்கள் உடனே இறுகும், அதைத் தடுக்கவே முடியாது. பலமான அடி வேண்டுமென்றால் கியூவை இன்னும் நீளமாகப் பின்னால் கொண்டு போங்கள், மென்மையான அடிக்குக் குறைவாக. பலத்தைக் கூட்டிக் குறைக்கிற வேலையைத் தூரத்திடம் விட்டுவிட்டால் விரல்களின் இறுக்கம் எல்லா அடிக்கும் ஒன்றாகவே இருக்கும்.

கியூ பந்தைத் தாண்டிப் போக வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஏன் என்று சொல்ல மாட்டார்கள். டிப்பும் பந்தும் ஒட்டியிருக்கும் நேரம் ஏறத்தாழ 1 மில்லிசெகண்டு, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்குப் பிறகு கியூ முன்னால் போனாலும் பின்னால் வந்தாலும் கூரையைப் பார்த்தாலும் பந்துக்கு ஒன்றும் தெரியாது. அப்படியென்றால் எதற்கு? பந்தோடு நிறுத்த வேண்டும் என்று மனதில் வைத்து அடித்தால், கை பந்துக்கு முன்னாலேயே பிரேக் போட ஆரம்பித்துவிடும், பிரேக் போடும் விரல்கள் இறுக்கும் விரல்கள். சாதாரண அடிக்குப் பந்து இருந்த இடத்தைத் தாண்டி 10, 15 சென்டிமீட்டர் போய், டிப் துணியை நோக்கித் தாழ்ந்து நின்றால் பின்கை தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. டிப் மேலே பார்த்தோ பக்கவாட்டிலோ நின்றால், அடிக்கு முன்னாலேயே ஏதோ நடந்திருக்கிறது.

படி 7: பயிற்சி

முதல் வாரம் ஆட்டம் வேண்டாம். ஆட்டம் என்று வந்துவிட்டால் பந்தை உள்ளே போடுவதில்தான் மனம் போகும், கை பழைய வழிக்குத் திரும்பும். ஒரு நாளைக்கு இருபது நிமிடம் போதும்.

பந்தே இல்லாமல் ஆரம்பிக்கலாம். ஒரு காலி பாட்டிலைப் படுக்கவைத்து, அதன் வாய்க்குள் டிப்பை விட்டு எடுங்கள், ஓரம் தொடக் கூடாது. டிப் 13 மில்லிமீட்டர் அளவு இருக்கும், குறுகிய வாயுள்ள பாட்டிலில் சுற்றிலும் கொஞ்சம்தான் இடைவெளி. கண்ணாடிப் பாட்டில் என்றால் தொட்டதும் ‘டிங்’ என்று காட்டிக்கொடுக்கும். மெதுவாகப் பத்து முறை சத்தமில்லாமல் வந்தால் வேகத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். எந்த வேகத்தில் டிங் வருகிறதோ அங்கேதான் உங்கள் விரல்கள் இறுக ஆரம்பிக்கின்றன.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்தது. பட்டை போட்ட பந்து ஒன்றை எடுத்து, அதன் எண் வட்டம் உங்களைப் பார்க்கும்படி வெள்ளைப் பந்தின் இடத்தில் வையுங்கள். டிப்பில் நன்றாகச் சாக் (டிப் வழுக்காமல் இருக்கத் தேய்க்கும் நீலக் கட்டி) தேய்த்து, எண்ணைக் குறிவைத்து அடியுங்கள். பந்தை எடுத்துப் பாருங்கள், டிப் தொட்ட இடத்தில் பொட்டு வைத்தாற்போல நீலத் தடம் இருக்கும். முதல் தடவை நான் இதைச் செய்தபோது தடம் எண் வட்டத்துக்குள்ளேயே இல்லை, அடித்தபோது நட்டநடுவில் அடித்ததாகச் சத்தியம் செய்திருப்பேன். தடத்தைத் துடைத்துவிட்டு மறுபடி. பந்தின் நடுவிலிருந்து ஆரத்தில் பாதிக்கு மேல், அதாவது சுமார் 14 மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் டிப் வழுக்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மூன்றாவது, நிறுத்தும் அடி. வெள்ளைப் பந்து, இன்னொரு பந்து, பாக்கெட் மூன்றும் ஒரே நேர்கோட்டில், இரண்டு பந்துக்கும் இடையே அரை மீட்டர். நடுவுக்குச் சற்றுக் கீழே அடியுங்கள். முட்டிய இடத்திலேயே வெள்ளைப் பந்து செத்தாற்போல நிற்க வேண்டும். நின்ற இடத்தில் பம்பரம் போலச் சுற்றினால் டிப் பக்கவாட்டில் பட்டிருக்கிறது. பக்கத்தில் நகர்ந்தால் பந்து முழுசாக மோதவில்லை. முன்னால் உருண்டால் அடித்த இடம் மேலே போயிருக்கிறது அல்லது வேகம் போதவில்லை. பத்துக்கு எட்டு சரியாக வந்தபிறகு தூரத்தைக் கூட்டுங்கள், அதற்கு முன்னால் கூட்டாதீர்கள்.

படி 1இல் செய்த குஷன் சோதனையை ஒவ்வொரு நாளும் கடைசியில் பத்து முறை செய்து, எத்தனை முறை பந்து டிப்பில் வந்து இடித்தது என்ற எண்ணிக்கையை எழுதி வாருங்கள். நடுவில் இரண்டு மூன்று நாள் எண்ணிக்கை குறையும். பழைய பழக்கமும் போய்விட்டது, புதுசும் வரவில்லை என்கிற கட்டம் அது, என்னை ஏறத்தாழ கியூவை வைத்துவிட்டுப் போகவைத்த கட்டமும் அதுதான்.

படி 8: நெருக்கடியில் கை என்ன செய்கிறது

பயிற்சியில் எல்லாம் சரியாக இருக்கும். போட்டால் ஆட்டம் முடியும் கடைசி எட்டாம் நம்பர் பந்து, எதிராளி நாற்காலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார், உடனே கை பழைய முஷ்டிக்குத் திரும்பும். ‘தளர்வாக இரு’ என்று கைக்குச் சொல்லிப் பயனில்லை, சொன்னால் இன்னும் இறுகும். அதற்குப் பதில் ஒரு சின்ன வேலை: குனிவதற்கு முன்னால் நின்றபடியே விரல்களை ஒரு தடவை இறுக்கமாக மூடி, விட்டுவிடுங்கள். இறுக்கி விட்ட தசை தளர்வது உங்களுக்கே தெரியும். குனிந்த பிறகு, டிப்பைப் பந்தருகே நிறுத்தும் அந்த ஒரு நொடியில் கட்டைவிரலை மட்டும் லேசாக எடுத்து மறுபடி வையுங்கள். எடுக்க முடிந்தால் இறுக்கம் இல்லை.

அடித்தவுடன் தலையைத் தூக்கிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் அதையும் இங்கேயே முடித்துவிடுங்கள். பந்து பாக்கெட்டில் விழும் சத்தம் கேட்கும்வரை, அல்லது விழாமல் நிற்கும்வரை, மோவாய் கியூவின் மேலேயே இருக்கட்டும்.

பத்து நாள் கழித்து, அதே மேசையில், அதே இடத்தில் போனை நிறுத்தி மறுபடி இரண்டு வீடியோ எடுங்கள். முதல் நாள் எடுத்ததைப் பக்கத்தில் வைத்து, பந்தைத் தொடும் கணத்தில் இரண்டையும் நிறுத்தி, கட்டைவிரலைப் பாருங்கள்.